தொழில் செய்ய ஊர் முக்கியமா? திருப்பூரை வைத்து ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்குச் சொந்த இடம் இருக்கிறது. தையல் தெரிந்த பெண்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். 40 மெஷின் போட்டுத் திருப்பூர் ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். திருப்பூரில் இருக்கும் மாமாவோ, ஊருக்குள்ளே இல்லாமல் இந்தத் தொழில் ஓடாது, இங்கேயே வாடகைக்குப் பிடி என்கிறார். போனும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகும் ஊர் அவ்வளவு முக்கியமா?"

உங்கள் மாமா சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. எது எந்தப் பங்கு என்று தெரியாமல் முதலைப் போட்டவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் திருப்பூரில் செக்கிங் டேபிளில் ஆரம்பித்து, மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும் வரை கவனிக்கிறவர்) இருந்து, இப்போது சிறிய அளவில் ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மற்றவர்கள் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறவன்.

முதலில் ஒரு டி-சர்ட் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். கோயம்புத்தூர், பல்லடம், உடுமலை, திண்டுக்கல் மில்களிலிருந்து நூல் கோனாக வருகிறது. அதைத் துணியாக்குவது ஒரு நிட்டிங் கம்பெனி. அந்தத் துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங், அதாவது துணி பிறகு சுருங்காதபடி அமுக்கிச் சீராக்கும் வேலை. அப்புறம் கட்டிங். வெட்டிய பீஸ் பிரிண்டிங் பட்டறைக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்புகிறது. பிறகு தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். லேபிள் ஒருவரிடம், பாலிபேக் ஒருவரிடம், அட்டைப்பெட்டி இன்னொருவரிடம். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளும் இங்கே உண்டு. ஆனால் ஏற்றுமதி செய்கிறோம் என்று போர்டு வைத்திருக்கும் பல பேரிடம் கட்டிங்கும் தையலும்தான் சொந்தமாக இருக்கும், மற்றதெல்லாம் வெளியே. ஆக, பத்தாயிரம் பீஸ் ஆர்டர் ஒன்று எட்டுப் பத்து முதலாளிகளின் கையைத் தொட்டுவிட்டுத்தான் துறைமுகம் போகிறது.

ஒவ்வொரு கை மாறும் இடத்திலும் ஏமாற்ற வழி இருக்கிறது, ஏமாற்றாமலே தவறிப்போகவும் வழி இருக்கிறது. 500 கிலோ துணி சாயத்துக்குப் போய் எத்தனை கிலோவாகத் திரும்ப வேண்டும்? எடை குறைந்தால் அது வேலையில் வரும் லாஸா, யாராவது எடுத்துக்கொண்டதா? 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கேட்டதற்கு 150 வந்தால் யார் பொறுப்பு? பிரிண்டிங்கில் முப்பது பீஸ் வீணானால் யார் தலையில் கட்டுவது? இதற்கெல்லாம் வக்கீல் வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தால் ஷிப்மென்ட் தேதி போய்விடும். நடைமுறையில் இருப்பது ஒரு டிசி புத்தகம் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), ஒரு வாய்வார்த்தை, அவ்வளவுதான். பெரிய கம்பெனியில் மேனேஜரின் உத்தரவு செய்யும் வேலையை இந்த ஊரில் முகப்பழக்கம் செய்கிறது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். நேவி நிற ஆர்டர். உடம்புத் துணி ஒரு லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி), சட்டைக் கைக்கான துணி வேறு லாட். டியூப்லைட்டில் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சம் போன்ற டி65 வெளிச்சத்தில் வைத்ததும் கை மட்டும் லேசாகச் சிவப்படித்தது. மணி பத்தைத் தாண்டிவிட்டது. சாயப்பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "போட்டோவுல கலர் தெரியாதுங்க, நானே வர்றேன்" என்றார். இருபது நிமிடத்தில் பைக்கில் வந்து நின்றார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார், துணியை விரலில் தேய்த்துப் பார்த்தார், ஆர்டர் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட நிற மாதிரியை நடுவில் வைத்துப் பார்த்தார். "என் தப்புதாங்க. பழைய லாட்டுல மிச்சம் இருந்ததைக் கலந்துட்டாங்க. துணியை இப்பவே அனுப்புங்க, விடியறதுக்குள்ள திருப்பிப் போட்டுத் தர்றேன்." காசு பற்றிப் பேச்சே வரவில்லை. குட்டியானையில் துணி ஏறியது, காலையில் திரும்பி வந்தது.

இதில் அவர் நல்லவர் என்பதும் உண்மைதான். ஆனால் அவருடைய நல்ல குணத்துக்கு ஊர் துணை நிற்கிறது. மறுநாள் பதினொரு மணிக்கு அவரும் நானும் ஒரே டீக்கடையில் நிற்கப்போகிறோம். அந்தக் கடைக்கு வரும் நாலு பேர் அவருடைய பார்ட்டிகள், அதாவது அவருக்கு வேலை கொடுப்பவர்கள். தப்பைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் அது மதியத்துக்குள் அவர்கள் காதுக்குப் போயிருக்கும். சரிசெய்தாரே, அந்தச் செய்தியும் அதே வேகத்தில் போனது.

சமூக மூலதனம் என்று புத்தகங்களில் சொல்வது இதைத்தான். வங்கிக் கணக்கில் வராது, பேலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாது, ஆனால் நெருக்கடியில் எடுத்துச் செலவழிக்கலாம். செலவழித்த பிறகு திரும்ப நிரப்பவும் வேண்டும். பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இதைச் சேர்ப்பது மலிவு. நம்பிக்கை வளரத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த தெருவில் இருப்பவரைப் பார்க்கத் தனியாகச் செலவில்லை, போகிற வழியில் பார்த்துக்கொள்கிறோம். எண்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவரைப் பார்க்க ஒரு காரணம் வேண்டும், ஒரு நாள் வேண்டும்.

ஆராய்ச்சிக்காரர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாருக்கு நண்பர் என்று ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பாக் என்ற மூவர் ஆய்வு செய்து 1950-இல் வெளியிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு நட்பாவது அதிகம், ஒரு வீடு தள்ளிப் போகப் போக அது சட்டென்று குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விவரம்: மாடிப்படிக்கு அருகே கீழ்வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போகிறார்கள். அதே எம்ஐடியில் தாமஸ் ஆலன் என்பவர் 1970-களில் பொறியாளர்களைக் கவனித்தார். மேஜைகளுக்கு இடையே தூரம் கூடினால் பேச்சு வேகமாகக் குறைகிறது, சில பத்து மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரோடு தொழில் விஷயம் பேசுவது அபூர்வம் என்று கண்டார். ஆக, இடைவெளியைக் கிலோமீட்டரில் நினைக்கிறோம், அது மீட்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இங்கே பேக்கரியும் டீக்கடையும்தான் அந்த மாடிப்படி. மெயின் ரோட்டில் டீக்கடைக்கு எதிரே யூனிட் வைத்திருப்பவருக்குத் தெரிகிற செய்தி, ஒரு சந்து உள்ளே இருப்பவருக்கு இரண்டு நாள் கழித்துத் தெரியும்.

1890-இலேயே ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஷெஃபீல்டு கத்தித் தொழில் போன்றவற்றைப் பார்த்துவிட்டு, ஒரே தொழில் குவிந்த ஊரில் தொழிலின் சூட்சுமங்கள் மறைவாக இருப்பதில்லை, காற்றிலேயே கலந்துவிடுகின்றன, பிள்ளைகள் அறியாமலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பையன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பத்தாவது படிக்கிற பையன் துணியைத் தொட்டு "இது இன்டர்லாக்" என்று பின்னல் வகையைச் சொல்லிவிடுவான். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தகவல் எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து வரும் நீங்கள் இழக்கப்போவது முக்கியமாக இதைத்தான். புதிய கம்பெனி ஒன்று உங்களிடம் வேலை கொடுக்கிறது, பணம் முப்பது நாளில் என்கிறது. அவர்களோடு ஏற்கனவே வேலை செய்தவரிடம் கேட்கிறீர்கள்: "அந்தப் பார்ட்டி எப்படிங்ணா?" பதில் இரண்டு விதமாக வரும். "ஒன்னும் தொந்தரவில்லீங்க" என்றால் தாராளமாகச் செய்யலாம். "பாத்துக் குடுங்க" என்றால் கடனுக்குத் தொடாதீர்கள் என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் விவரிக்க மாட்டார்கள், யார் பெயரையும் கெடுக்க யாருக்கும் விருப்பமில்லை. அந்த வார்த்தைகூட நேரில் நிற்கும்போது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொல்லப்படும். போனில் சொல்ல மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் எழுதவே மாட்டார்கள், ஸ்கிரீன்ஷாட் ஆகிவிடும். நான் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுச் சொந்தமாக ஆரம்பித்த முதல் வருடம் இந்தச் சொல்லின் எடை தெரியாமல் ஒரு பார்ட்டிக்கு மூன்று லோடு தைத்துக் கொடுத்தேன். கடைசி லோடின் கூலி இன்றுவரை வரவில்லை.

கடனும் இப்படித்தான். இங்கே சம்பளம் வாரா வாரம், சனிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு இல்லாத முதலாளியின் மனநிலை எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வரவேண்டிய பணம் திங்கட்கிழமைதான் வரும் என்றால், பக்கத்து யூனிட்காரரிடம் கைமாத்து. பத்திரம் இல்லை, வட்டி இல்லை. நூல் கடையில், எலாஸ்டிக் கடையில் பில் மட்டும் போட்டுப் பொருளை எடுத்துக்கொள்வது. ஓவர்லாக் மெஷின் ஒன்று நின்றுவிட்டால், எதிர் யூனிட்டில் சும்மா கிடக்கும் மெஷினை நாலு பேர் தூக்கிவந்து போட்டுக்கொள்வது. எந்த வங்கியும் இந்த வேகத்தில் எதையும் கொடுக்காது.

இப்படி ஒரு ஊர் ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. உள்நாட்டுப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு 1970-களின் இறுதியில்தான் வெளிநாட்டு ஆர்டர் எட்டிப்பார்த்தது. 1980-களில் அது வேகமெடுத்தது. 1990-இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் வந்தது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் அளவுக்கு ஏற்றுமதி. இதைக் கட்டியவர்களில் பெரும்பகுதி சுற்றியிருக்கும் காட்டிலும் தோட்டத்திலும் உழுதுகொண்டிருந்த குடும்பங்களிலிருந்து வந்து, மெஷினில் உட்கார்ந்து தொழில் கற்று, பிறகு முதலாளி ஆனவர்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இவர்களை நெருங்கிப் பழகி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் தனியாக முதலாளி ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் இரண்டு மெஷின் கொண்டுவருவார், ஒருவருக்குக் கட்டிங் கை வரும், இன்னொருவர் வெளியே போய் ஆர்டர் பிடிப்பார். இப்படி மூன்று நாலு பேர் கூட்டுச் சேர, ஒருவரை ஒருவர் பல வருடம் ஒரே ஷெட்டில் பார்த்திருக்க வேண்டும். யார் சோம்பேறி, யார் கோபக்காரர், யார் கணக்கில் சுத்தம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவருக்குத் தெரியும்.

தண்ணீர்ப் பிரச்சினையிலும் இந்தச் சேர்க்கை பயன்பட்டது. சாயத்துக்கும் சலவைக்கும் லாரித் தண்ணீரை நம்பியிருந்த ஊருக்கு, பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2000-களின் நடுவில் ஓடத் தொடங்கியது. அரசும் தனியாரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. தனித்தனிக் கம்பெனிகள் மனு கொடுத்துக்கொண்டிருந்தால் நடந்திருக்காது. எல்லோருக்கும் ஒரே தாகம், எல்லோரும் ஒரே ஊர் என்பதால் ஒரே குரலாகக் கேட்க முடிந்தது.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூரை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உள்ளூரில் வலுவாக இருக்கும் கவுண்டர் சமூகத்து முதலாளிகளையும் வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆரம்பத்திலேயே அதிக முதலோடு இறங்குகிறார்கள். உறவும் ஊரும் பணம் தருகிறது. வெளியூர்க்காரர்கள் சிறிதாகத்தான் தொடங்க முடிகிறது. ஆனால் வெளியூர்க்காரர்கள் வேகமாக வளர்ந்து சில வருடங்களில் ஏற்றுமதியில் முந்திவிடுகிறார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணம் திறமை இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, பழக்கம் இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறது. இந்த ஊரை நேசிக்கிறவன் நான், ஆனால் இது நிஜம். ஒரே தெருவில் யூனிட் வைத்திருந்தாலும் "நம்மாளு" என்ற வட்டத்துக்குள் சிலர் சுலபமாக வருகிறார்கள். சிலர் வருடக்கணக்கில் வெளியே நிற்கிறார்கள். தலித் இளைஞர்கள் எத்தனை பேர் மெஷினிலிருந்து சொந்தக் கம்பெனிக்குப் போக முடிந்தது என்று பார்த்தால் மனது கனக்கும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையலில், செக்கிங்கில் இவ்வளவு பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் டீக்கடை ஆண்களுடையது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருபது மெஷின் வைத்து நடத்துகிறார். வேலைத் தரம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஆர்டர் எங்கே வருகிறது, எந்தப் பார்ட்டி தடுமாறுகிறது என்ற செய்தி அவருக்குத் தம்பி மூலமாகத்தான் போக வேண்டியிருக்கிறது, அதுவும் தாமதமாக. என் யூனிட்டுக்கும் அவர் யூனிட்டுக்கும் நடுவே நாலு கட்டடம்தான். செய்தியைப் பொறுத்தவரை அவர் வெளியூரில் இருக்கிறார்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்கள் கதையும் அப்படித்தான். எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வலை அவர்கள் கிராமத்தோடுதான் பின்னியிருக்கிறது. அண்ணன் வந்தான், தம்பியைக் கூட்டிவந்தான், அவன் மச்சானைக் கூட்டிவந்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பல பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சொன்ன சமாதானத்தைவிட ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த போன் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தவர்கள் எங்களில் எத்தனை பேர்?

அப்புறம் நொய்யல் ஆறு. ஊர் ஒற்றுமையின் இருட்டான பக்கம் இதுதான். சாயக்கழிவை ஆற்றில் விடுவது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கைமாத்து கொடுக்கிறவரை, ராத்திரி பத்து மணிக்கு வந்து நிற்கிறவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது? கெட்டுப்போனது கீழே ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகளின் நிலமும் கிணறும். அவர்களும் இதே கொங்கு நாட்டுக்காரர்கள்தான், பலருக்குச் சொந்தபந்தமும் உண்டு. ஆனால் தினமும் முகம் பார்க்கும் வட்டத்துக்குள் அவர்கள் இல்லை. நீதிமன்றம்தான் அவர்களுக்காகப் பேச வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் படிப்படியாகத் திறந்தார்கள்.

அந்த மாதங்கள் எனக்கு ஒரு பாடம். சாயம் மட்டும்தான் ஊரை விட்டுப் போனது, மற்ற எல்லா வேலையும் ஊரிலேயே இருந்தது. துணியை வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயம் போட்டுக் கொண்டுவந்தோம். ஒரு ஷேடு தப்பினால் பைக்கில் வந்து நிற்க ஆள் இல்லை. துணி போய்வரவே ஒரு வாரம். ஒரே ஒரு கண்ணி தூரமாகப் போனதற்கே ஊர் திணறியது. கூடவே நிறைய யூனிட் வேலையில்லாமல் நின்றது.

இப்போது உங்கள் ஒட்டன்சத்திரத்துக்கு வருகிறேன். தூரத்தில் இருந்துகொண்டு தொழிலே செய்ய முடியாதா? முடியும், நம் ஊர்க்காரர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்து, ஐராவதி டெல்டா கிராமங்களில் கடை. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த கோயிலில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். கடையை நடத்தும் ஏஜென்ட் தவறு செய்தால் என்ன ஆகும்? அவர் வீடு செட்டிநாட்டில், முதலாளியின் ஊரிலோ அடுத்த ஊரிலோ இருக்கிறது. அவர் பெண்ணுக்கு நகரத்தார் சமூகம் சேர்ந்திருக்கும் அதே ஒன்பது கோயில் வட்டத்துக்குள்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். கடை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் முகத்தைக் காட்ட வேண்டிய இடம் ஒன்றாக இருந்தது. அதனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் ஒரு தப்பு செய்தால் அது யார் காதுக்குப் போகும், அதைச் சரிசெய்ய நான் யார் முன்னால் போய் நிற்பேன்?

உங்கள் ஊர்க் காய்கறி மார்க்கெட்டிலேயே இது நடக்கிறது. விவசாயி விடியற்காலை முருங்கையை மண்டியில் இறக்கிவிட்டு, விற்ற பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார். கேரளாக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு போகிறார். அங்கே யாரை நம்பலாம் என்று உங்கள் அப்பாவுக்கு அத்துப்படியாக இருக்கும். உங்களிடம் ஏற்கனவே ஒரு சமூக மூலதனம் இருக்கிறது, ஆனால் அது ஒட்டன்சத்திரத்தில் செல்லும் காசு. ஆள் சேர்க்க, இடம் பிடிக்க, பெண்களை வேலைக்கு அனுப்ப வீட்டாரைச் சம்மதிக்க வைக்க அது பெரிதும் உதவும். திருப்பூர்க் கடையில் அதைக் கொடுத்து எலாஸ்டிக் வாங்க முடியாது.

அதனால் எந்த வேலையை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தையலை வெளியே கொண்டுபோவது புதிதில்லை. இங்கே ஆள் கிடைக்காததால் பெரிய கம்பெனிகளே தாராபுரம், வெள்ளகோவில், திண்டுக்கல், இன்னும் தெற்கே பல மாவட்டங்களில் யூனிட் போட்டிருக்கிறார்கள். அங்கே போவது நீளமான ஆர்டர்கள்: ஒரே ஸ்டைல், இரண்டு மூன்று கலர், பதினைந்தாயிரம் இருபதாயிரம் பீஸ். ஒருமுறை லைன் (வரிசையாகத் தைக்கும் மெஷின்கள்) செட் ஆகிவிட்டால் பத்து நாள் கேள்வியே இருக்காது. அதை எடுங்கள். ஆறு கலரில் ஐந்நூறு ஐந்நூறாக வரும் ஃபேஷன் ஆர்டரைத் தொடாதீர்கள். அதில் நாளைக்கு மூன்று முறை மாறுதல் வரும், ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு தீர்க்க வேண்டியது. சாம்பிள் வேலையும் வேண்டாம்.

வாடகை மிச்சம் என்று கணக்குப் போடும்போது வேறு சில செலவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஊசி தீர்ந்தால் நடந்துபோய் வாங்குவோம், நீங்கள் மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்க வேண்டும். நூல் ஷேடு ஒரு கோன் குறைந்தால் உங்களுக்கு அரை நாள் லைன் நிற்கும். இங்கே மெக்கானிக் அரை மணியில் வருவார். அங்கே ஃபிளாட்லாக் தையல் மெஷினின் டைமிங் போய்விட்டால் மறுநாள்தான். அதனால் மெஷின் வாங்கும் முன்பே உங்கள் ஊர்ப் பையன் ஒருவனைத் திருப்பூரில் ஒரு மெக்கானிக்கிடம் ஆறு மாதம் விடுங்கள். மெஷின்களில் போடும் காசைவிட இது நல்ல முதலீடு.

மாமாவை விட்டுவிடாதீர்கள். அவர் பெயரில் இங்கே ஒரு சின்ன அறை எடுங்கள். இரண்டு மெஷின், ஒரு செக்கிங் டேபிள், ஒரு ஆள். உங்கள் லோடு கம்பெனிக்குப் போகும் முன் அந்த டேபிளைத் தாண்டட்டும். திருப்பி அனுப்பும் பீஸை அங்கேயே பிரித்துத் தைத்து அன்றைக்கே கொடுத்துவிடலாம். ஐம்பது பீஸ் ஆல்டரேஷனுக்காக எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டினால் லாபம் டீசலில் போய்விடும். அதைவிட முக்கியம், தப்பு நடந்தால் பார்ட்டி வந்து கத்துவதற்கு இந்த ஊரில் உங்களுக்கு ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியை நம்பித்தான் வேலை கொடுப்பார்கள்.

முதல் ஆறு மாதம் வாரத்தில் மூன்று நாள் நீங்களே இங்கே இருங்கள். தையல் கூலி எவ்வளவு என்பது பவர் டேபிள் சங்கமும் (கூலிக்குத் தைக்கும் யூனிட்காரர்களின் சங்கம்) பனியன் உற்பத்தியாளர்களும் உட்கார்ந்து பேசும் ஒப்பந்தத்தைச் சுற்றித்தான் நகரும், அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் நீங்கள் கூலி பேசினால் குறைத்துத்தான் பேசுவீர்கள். இன்னொன்று, காலம் கெடும்போது யாருக்கு முதலில் வேலை நிற்கும் என்பது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது இங்கே பல பேருக்கு ஆர்டர் குறைந்தது. நான் பார்த்தவரை, கையில் இருந்த கொஞ்ச வேலையைக் கம்பெனிகள் தினமும் பார்க்கிற ஆட்களுக்குத்தான் பிரித்துக் கொடுத்தன. வெளியூர் யூனிட்காரருக்கு "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்ற போன்தான் போனது. தினமும் முகம் பார்க்கிறவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. போனில் சொல்லிவிடலாம். அதனால் ஒரே கம்பெனியை நம்பி 40 மெஷினும் ஓடக்கூடாது, இரண்டு மூன்று இடத்தில் பழக்கம் வையுங்கள். முதலில் 15 மெஷினில் ஆரம்பியுங்கள்.

மாமாவோடு ஒருநாள் வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், சம்பள நாளில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். புதன், வியாழன் நல்லது. வரும்போது விசிட்டிங் கார்டைவிட, உங்கள் ஊர்ப் பெண்கள் தைத்த நாலு பீஸ் கையில் இருக்கட்டும். வாங்கியதும் உள்பக்கம் திருப்பி, கழுத்துப் பட்டி (ரிப்) சேரும் இடத்தைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்பார்கள். அது சுருங்காமல், பிரியாமல் இருந்தால் "டீ சாப்பிடலாமா" என்று கேட்பார்கள். அந்த டீயை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.